கடைசியா யார் வரணும்

ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஒரு காதல் படத்துல முக்காவாசிப் பாட்டு அவனுக்கு. அவளுக்கு ஒரே ஒரு பாட்டு. ஆனா கடைசியில ரயில் ஏறி அவன்கூடப் போறதா வேணாமான்னு முடிவு பண்றது அவ. அது யாரோட படம்?

எங்க வீட்டுல ஒரு கல்யாணமே இந்தக் கேள்வியில வந்து நின்னுது.

ரொம்பப் பழைய படம் அது. ஊர் ஊராப் போய், தோள்ல மாட்டின அக்கார்டியன இழுத்து வாசிச்சுப் பாடறவன் ஒருத்தன், கடிகாரக் கடைக்காரர் பொண்ணு ஒருத்தி. அவன் வருவான், பாடுவான், போயிடுவான். மறுபடி வருவான், மறுபடி பாடுவான். கடைசியா ரயிலடியில அவன் பிரிவுப் பாட்டு பாடி முடிச்சதும், அவ ஒரு வார்த்தை பேசாம பெட்டியோட வந்து ரயில் ஏறிடுவா. எங்க தையல் கம்பெனி ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாப் போடலாம்னு கட்டிங் மாஸ்டர் சொல்லிட்டார். துணி வெட்டறது அவர் தொழில், நாடகம் அவர் பைத்தியம்.

கடைக்காரர் பொண்ணா நடிச்சது எங்க அக்கா. காலர் தைக்கற லைன்ல வேலை. பாடறவனா நடிச்சது அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை. ஸ்டோர்ல நூலு, பட்டன் எடுத்துக் குடுக்கறவர். கம்பெனியில அவருக்குப் பேரு சவுண்டு. ஸ்டோர்ல அவர் தும்முனா கேட்ல தூங்கற வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடிப்பார்னு சொல்வாங்க. நான் அப்பவே மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். நான் கம்பெனி எலக்ட்ரீஷியன், அதனால மேடை லைட் என் பொறுப்பு.

ஒத்திகையிலதான் ஆரம்பிச்சுது. நாடகம் முடிஞ்சதும் நடிச்சவங்க ஒவ்வொருத்தரா வந்து கும்பிடணும். சின்ன வேஷம் முதல்ல, பெரிய வேஷம் கடைசியில. மாமா யாரையும் கேக்காம கடைசி இடத்துல போய் நின்னுட்டார். அது என் இடமாச்சேன்னா அக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. மாமா தன் பாட்டையெல்லாம் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பாடறது நீங்கதான், ஆனா கடைய மூடறது, அப்பாகிட்டப் பேசறது, ஊரவிட்டுக் கிளம்பறது எல்லாம் அவ, அடுத்து என்ன ஆகும்னு ஜனங்க அவளைத்தான் பாத்துட்டிருப்பாங்கன்னா அக்கா.

"அவன் பாடலன்னா அவ எதுக்கு ரயில் ஏறப் போறா?"

"அவ ஏறலன்னா அவன் பாடினது எதுக்கு?"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. மாமா மூஞ்சி சுண்டிப் போச்சு. அப்படின்னா அவ பாடற அந்த ஒத்தப் பாட்டையும் தூக்கிடலாம், எப்படியும் அந்த நேரத்துல ஜனங்க டீ குடிக்கத்தான் போவாங்கன்னார். கட்டிங் மாஸ்டர் நடுவுல வந்து, பாட்டும் இருக்கும், கடைசியா வர்றதும் பொண்ணுதான்னு முடிச்சு வெச்சார். சரி, அவங்களே வரட்டும், எனக்கென்னன்னு எல்லார் முன்னாடியும் மாமா ஒத்துக்கிட்டார்.

வீட்டுக்கு வர்ற வழியில அக்கா பாலத்துக்கிட்ட வந்ததும் நின்னா.

"கும்பிடறதுல என்னடா இருக்கு. சரின்னு சொன்னார்ல, செய்யறாரான்னு பாக்கப் போறேன். செஞ்சா கல்யாணம், இல்லன்னா இல்ல. அம்மாகிட்ட இப்போ வாயத் திறக்காத."

மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு.

விழா அன்னிக்கு சாயந்தரம் கேன்டீன் ஹால் நிரம்பி வழிஞ்சுது. முன் வரிசை ஓரத்துல அம்மா, பக்கத்துல எனக்குப் போட்ட நாற்காலி காலியா. நான் இரும்புப் பரண் மேல ஃபோகஸ் லைட்டோட உக்காந்திருந்தேன். திரை தூக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மாமா ஏணியில ஏறி வந்தார்.

"மச்சான், கடைசி சீன் முடியறவரைக்கும் லைட்டு என் மேலயே இருக்கட்டும். நாளைக்கு ஒரே வீட்டு ஆளுங்க நாம."

சிரிச்ச முகமாத்தான் சொன்னார். என் முழங்கால்ல தட்டிட்டு இறங்கிப் போனார். தட்டின இடம் வலிச்சுது.

நாடகம் நல்லாத்தான் போச்சு. அக்கா பாடினப்போ ஒருத்தர்கூட டீக்கு எழுந்திரிக்கல. இருமக்கூட இல்ல. மேடை ஓரத்துல நின்ன மாமா பல்லக் கடிச்சுக்கிட்டு ஹாலையே பாத்தார்.

ரயிலடி சீன் வந்துது. மாமா பாடினார், அருமையாப் பாடினார். பாட்டு முடிஞ்சுது, ஆனா அவர் நிறுத்தல. கடைசி சரணத்த மறுபடி எடுத்தார். கீபோர்டுக்காரர் முழிச்சு, தடவித் தடவிப் பின்னாடியே போனார். முடிச்சதும் திரும்ப அதே சரணம். அவர் நிறுத்தினாத்தான் அக்கா வர முடியும். அவ பெட்டியக் கையில பிடிச்சுக்கிட்டு ஓரத்துல நிக்கறா. கட்டிங் மாஸ்டர் எதிர்ப்பக்கத்துல இருந்து போதும் போதும்னு கையாட்டறார். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

லைட்டோட கைப்பிடி என் வேர்வையில வழுக்குது. அக்கா பக்கம் திருப்பினா இவரோட பகை. திருப்பலன்னா அக்கா இருட்டுலயே நிப்பா. திருப்பிடலாம்னு கைய இறுக்கினேன். அந்த நேரம் பாத்து அக்கா மேல நிமிர்ந்து என்னைப் பாத்தா. வேணாம்னு தலையாட்டினா.

அப்புறம் இருட்டுலயே நடக்க ஆரம்பிச்சா. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுது. முன் வரிசையில ஒரு தலை திரும்புச்சு. அப்புறம் அந்த வரிசை மொத்தமும். அதுக்குப் பின்னாடி உக்காந்தவங்களும். வெளிச்சம் பூரா மாமா மேல, பார்வை பூரா இருட்டு மேல. ரயில் பெட்டியா வெச்சிருந்த பெஞ்சு மேல அவ ஏறி நின்னதும், ஏறிட்டான்னு யாரோ ஒரு அம்மா மெதுவாச் சொன்னாங்க. மாமா பாதி வரியில நிறுத்திட்டார்.

கைத்தட்டல் ஓயறதுக்குள்ள கும்பிடற வரிசை ஆரம்பமாச்சு. ஒவ்வொருத்தரா வந்து கும்பிட்டு நின்னாங்க. மிச்சம் அக்காவும் மாமாவும்தான். ஓரத்துல மாமா அவ காதுல என்னமோ சொன்னார், எனக்குக் கேக்கல. கை மட்டும் தெரிஞ்சுது. மணிக்கட்டப் பிடிச்சு அவள முன்னாடி தள்ளினார்.

அக்கா முரண்டு பண்ணல. நடுவுல வந்து கும்பிட்டா. வரிசையில போய் நிக்கல. படியிறங்கி அம்மா பக்கத்துல இருந்த நாற்காலியில உக்காந்துட்டா.

மாமா கடைசியா வந்தார். ரெண்டு கையையும் விரிச்சுக் கும்பிட்டார். நிமிர்ந்து, அக்கா கையப் பிடிக்கப் பக்கத்துல கைய நீட்டினார். அங்க யாரும் இல்ல.

மறுநாள் காலையில அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போய் நிச்சய மோதிரத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்தோம். அக்கா ஷிப்டுக்குப் போயிட்டா.