வரி ஓடும் பக்கம்

"மெதுவா... மெதுவா எறக்குங்கடா! எம் பொண்ணு கல்லுடா அது!"

டிராக்டர் டிரெய்லரின் பின்கதவு திறந்து தொங்கியது. ஆட்கள் கடப்பாரையால் நெம்பி, நீளமான கல்லைத் தரைக்குச் சரித்தார்கள். மாமனார் மாது துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கல்லுக்கு அடியில் கையைக் கொடுக்கப் போனார். யாரோ பிடித்து இழுத்தார்கள். சந்திரமோகன் புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி பாரதியை முந்தின நாள்தான் புதைத்திருந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு.

பிள்ளையைச் சுமந்தபடி போனவள் போன இடத்திலும் சுமந்துகொண்டே இருப்பாள் என்று ஏரியூர்ப் பக்கத்தில் இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. அவள் பேரில் பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்த வேண்டும். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாற இளைப்பாற, அவளுடைய பாரமும் இறங்கும். பால் ஊற்றுவதற்குள் சுமைதாங்கி நின்றுவிட வேண்டும் என்பது மாது வீட்டு வழக்கம். மறுநாள் காலையில் பால்.

நட வேண்டிய கல் இரண்டும் காலையிலேயே ரோட்டோரம் நின்றுவிட்டன. இது மேலே கிடத்தும் கல்.

மோகன் கிட்டே போனான். கருப்பு, சாம்பல், ரோஸ், நடுவே நூல் மாதிரி பச்சை. புலிப்பாறைக் கல். மாதுவின் காட்டுக்கு மேலே இருக்கும் வரிப்பாறைக்கு ஊரில் அந்தப் பேர். வரிகள் கல்லின் நீளத்துக்கு ஓடவில்லை. குறுக்கே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு, ஏணிப்படி மாதிரி ஓடின.

"எப்படி மாப்ள? கல் ஒடைக்கிற தங்கராஜைக் கூட்டிக்கிட்டுப் போயி நானே நின்னு ஒடச்சேன். பாரதிக்குப் புடிச்ச பாறை. வரி நின்னாப்ல இருக்குது பாருங்க, பஸ்ல போறவனுக்கும் தெரியும்."

"ஒடஞ்சிடும் மாமா."

சாவு விழுந்ததிலிருந்து மோகன் பேசிய முதல் பேச்சு என்று சொல்லலாம். அழச் சொன்னவர்களுக்கும், சாப்பிடச் சொன்னவர்களுக்கும் "சரிங்க" என்றுதான் சொல்லியிருந்தான். அழவுமில்லை, சாப்பிடவுமில்லை.

"என்னது?"

"வரி குறுக்க போவுது. சுமை வெச்சா கருப்பு வரியில விட்டுக்கும்."

மாதுவின் முகம் சுருங்கியது. "நான் பொறந்ததிலிருந்து பாக்கறேன் அந்தப் பாறைய. இடி உழுந்தும் ஒண்ணும் ஆவுல. உங்க காலேஜுப் படிப்பு இங்க வேணாம் மாப்ள. ஆஸ்பத்திரியிலயும் படிச்சவங்கதான் சுத்தி நின்னாங்க."

 டிராக்டர்க்காரன் இஞ்சினை நிறுத்தினான்.

மோகன் படித்தது ஜியாலஜி. கிரானைட் பாலீஷ் கம்பெனியில் கல் தரம் பிரிக்கிற வேலை. விரிசல் கோடு ஓடுகிற கல் பலகையைத் தட்டிப் பார்த்து ஒதுக்குவதற்குத்தான் சம்பளம். வாயை மூடிக்கொண்டு புளியமரத்தடிக்கே திரும்பிப் போயிருப்பான். மாமியார் காசியம்மாள் வழியை மறித்தாள்.

"நெசமா ஒடையுமா கண்ணு? ஒடஞ்சா எம் பொண்ணு பாரம் எறங்காதே. சாமி, தெரிஞ்சதைச் சொல்லு."

டிரெய்லரில் அதே கல்லின் ஓரச் சில்லு ஒன்று கிடந்தது. மோகன் அதை எடுத்து இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் போல வைத்தான். மேலே உள்ளங்கையை ஊன்றி அழுத்தினான். கருப்பு வரியில் பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தில் காக்காப்பொன் ஏடு ஏடாக மினுங்கியது.

தங்கராஜ் உளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் தெரியும்ங்க. துக்கத்துல இருக்கறவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

"நல்ல ஆளுய்யா நீ! ரெண்டு பேர் தலைல உழுந்த பொறவு சொல்லியிருப்பியா?" என்றார் மாது. பிறகு கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தூரத்துல இருந்து தெரியணும்னு பாத்தேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"தெரியும் மாமா. வரி நீளவாட்டுல போற மாதிரி எடுத்தா முன்விளிம்புல தெரியும். வாங்க."

புலிப்பாறைக்கு மூன்று பேரும் ஏறினார்கள். வெயில் பாறையில் ஏறிவிட்டிருந்தது.

கல்யாணமான புதிதில் பாரதி அவனை இங்கே இழுத்துவந்தாள். கையில் போன். போனில் ஏதோ தேசத்து மலை: சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டுப்புடவை மடிப்பு மாதிரி. "இது நெசமா, எவனாச்சும் கலர் அடிச்சு உட்டதா? ஸ்கூல்ல எங் கிளாஸ் பசங்க கேக்குதுங்க" என்றாள். நிஜம்தான் என்றான் மோகன். மணலும் களிமண்ணும் தண்ணீரில் வந்து படுக்கை படுக்கையாகப் படியும். இரும்பு துருப்பிடித்த படுக்கை சிவப்பு, துருவில் நீர் கலந்திருந்தால் மஞ்சள், காற்றே படாமல் கிடந்தது பச்சை. அப்புறம் பூமி நெருக்கும், படுக்கை மடங்கி நிமிரும், மழை வந்து அறுத்துக் காட்டும். அவ்வளவுதான். புலிப்பாறை வேறு மாதிரி. ஆழத்தில் வெந்து, அழுத்தம் தாங்காமல் கருப்புத் தாதுவும் வெளுப்புத் தாதுவும் தனித்தனியாக ஒதுங்கிய வரி.

"அவ்வளவுதானா!" என்று சிரித்தாள். "நீங்க சொன்னா தாலி கட்டறதும் ஒரு கயித்து முடிச்சுதான்."

போன மாதம் ஒரு ராத்திரி சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே செவ்வரிகள். "பாருங்க, எனக்கும் வரி உழுந்துடுச்சு. உள்ள இருந்து ஒருத்தர் அழுத்துறாரு. இது என்ன கல்லு சார்?"

"அது தோலு விரியறது. அது வேற, இது வேற" என்றான் மோகன்.

இப்போது பாறையின் மேல் குந்தி, சாக்பீஸால் கோடு போட்டான். வரி ஓடுகிற பக்கமாகவே கோடும் ஓடியது. தங்கராஜ் ஆப்புகளை வரிசையாக இறக்கினார். சம்மட்டி விழ விழ, கல்லின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி விட்டுக்கொடுத்தது.

மாது பிளவில் கையை விட்டுத் தடவினார். "சூடா இருக்குது மாப்ள" என்றார்.

சாயங்காலம் சுமைதாங்கி நின்றது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். இனி முதல் சுமையை வெளியாள் இறக்க வேண்டும். வீட்டார் இறக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது. எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

பஸ் போனது. ஷேர் ஆட்டோ போனது. பைக்குகள் போயின.

"இப்ப எவன் தலையில சுமக்கறான்?" என்றார் தங்கராஜ். "எல்லாம் எக்செல் வண்டிலதான் போவுது."

"நீ வாய மூடு" என்றாள் காசியம்மாள்.

வெயில் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு எக்செல் வண்டி, பின்னால் புளி மூட்டை. கயிறு தளர்ந்து மூட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மாது எழுந்தார். காசியம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். வண்டி அவர்களைத் தாண்டிப் போய், நின்றது. ஓட்டி வந்தவருக்கு மாதுவின் வயது இருக்கும். திரும்பிப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். துண்டால் முகம் துடைத்தார்.

கல் அசையவில்லை.

"புதுசா இருக்குதே. யாரு வெச்சது?"

"எம் பொண்ணு பேருலங்க" என்றாள் காசியம்மாள்.

 அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கயிற்றைப் பிரித்துச் சரிசெய்துகொண்டு, மரத்தடியைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கை குடுக்கறீங்களா?"

மோகன் எழுந்து போனான். மூட்டையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தான். பாரம் தோள்வரை ஏறியது. இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். அவர் கயிற்றைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார்.

"விடுங்க தம்பி, உக்காந்துடுச்சு."

மோகன் பிடித்துக்கொண்டே நின்றான்.

"தம்பி" என்றார் அவர் மறுபடியும், மெதுவாக. வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார்.