ராமச்சந்திராபுரம் மலை ரயில்

எழுபத்து மூன்றாம் வருஷம் மே மாதம், நூற்றுப் பத்து டிகிரி வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹைதராபாத்துக்கு மேற்கே ராமச்சந்திராபுரத்தில் மலை ரயில் ஓடியது. சும்மா ஓடவில்லை, மேகத்துக்குள் புகுந்து ஓடியது. ஏறிப்போன ஆயிரத்து இருநூறு பேரும் குளிரில் பல் கிட்டித்துக்கொண்டு இறங்கினார்கள். நடுவழியில் ஏழு எருமைகள் வரிசையாக நின்று மறியல் செய்தன.

புருஷோத்தமன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நாலால் வகுத்தால் உண்மை வரும் என்று ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்த அப்ரண்டிஸுக்குக்கூடத் தெரியும். புருஷோத்தமன் வெல்டிங் பிரிவில் சார்ஜ்மேன். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் அகலம். கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார எப்போதும் போட்டி இருக்கும். நம்புவதற்கு இல்லை, சிரிப்பதற்கு.

ஆனால் அந்த ரயிலை அவர் பொய்க்காகத் தொடங்கவில்லை. மாமனாருக்காகத் தொடங்கினார்.

மாமனார் பழனிசாமி குன்னூர்க்காரர். நீலகிரி மலை ரயிலில் முப்பத்து நாலு வருஷம் பிரேக்ஸ்மேன். அந்த ரயிலில் எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளை மேலே தள்ளும். டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் பார்த்ததை அடுத்தவருக்குக் காட்ட, அவர் அதற்கடுத்தவருக்குக் காட்ட, கடைசியில் டிரைவருக்குப் போய்ச் சேரும். பழனிசாமி முதல் பெட்டிக்காரர். கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முந்நூறு பேர் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை புருஷோத்தமன்.

பழனிசாமிக்கு மனைவி போய் மூன்று வருஷம். டிசம்பரில் ரிட்டயர் ஆனதும் ரயில்வே குவார்ட்டர்ஸையும் காலி செய்துவிட்டு, ஒரே மகள் கமலா அழுதாள் என்பதற்காக ராமச்சந்திராபுரம் வந்து சேர்ந்தார். வந்து நாலு மாதத்தில் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் மூன்று முறை எண்ணெய் போட்டாகிவிட்டது. காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டு, போவதற்கு இடம் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

மே முதல் வாரத்தில் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது சொன்னார்.

"மாப்ளே, நான் வர்ற பத்தொம்பதாந் தேதி சனிக்கிழமை ஊருக்குக் கெளம்பறனுங்க. துரைராஜ் சிகந்தராபாத்துல தங்கச்சி வூட்டுக்கு வந்திருக்கான். அவங்கூடவே டிக்கெட் போட்டாச்சுங்க."

துரைராஜ் அவருடைய பழைய எஞ்சின் டிரைவர். கமலாவின் கையில் இருந்த ரசக் கரண்டி நின்றது.

"அங்க யாருங்கப்பா இருக்காங்க? ஒத்த ரூம்ல நீங்களே பொங்கித் தின்னுட்டு..."

"இங்க எனக்கு என்ன வேலை கண்ணு? தட்டு முன்னாடி உக்காரறது ஒரு வேலையா?"

"நக்கோ மாமா, இப்படியெல்லாம் பேசாதீங்க" என்றார் புருஷோத்தமன். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த நாக்கு. மனசு கலங்கினால் வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் நக்கோதான் முதலில் வரும். "உங்க வீடு இது."

"உங்க நல்ல மனசுங்க" என்றார் பழனிசாமி. பிறகு மோர் கேட்டார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அன்று கமலா பாத்திரம் தேய்க்கிற சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "நீங்க உலகத்தையே புரட்டினதா ஊரெல்லாம் சொல்றீங்களே, எங்கப்பாவை நாலு நாள் இங்க இருக்க வெக்க முடியுதா உங்களால?" என்றாள்.

வெல்டிங் பொறி கண்ணில் பட்டதுபோல் இருந்தது அவருக்கு.

அந்த வருஷம் ஏதோ பெரிய டிஸ்பாட்ச் என்று ஃபாக்டரியில் எல்லோருடைய கோடை லீவும் ரத்து. ஊட்டிக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்த குடும்பங்கள் பெட்டியைப் பிரித்துக்கொண்டு புலம்பின. அவர்கள் வாயை அடைக்க காலனி கிளப் மூன்று நாள் கோடை விழா அறிவித்தது. போர்டில் 'ஊட்டி உங்கள் வாசலில்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது. ஊட்டி என்ன ஊட்டி. தம்போலா, மியூசிக்கல் சேர், மிர்ச்சி பஜ்ஜி, மைதானத்தில் திரை கட்டி ஒரு பழைய படம். அவ்வளவுதான்.

புருஷோத்தமன் கிளப் செக்ரட்டரி ஸ்ரீனிவாசனிடம் போய் நின்றார்.

"சார், ஊட்டின்னு போட்டுட்டு ரயில் இல்லாமலா?"

ஸ்ரீனிவாசன் பர்சனல் டிபார்ட்மெண்ட். எதையும் எழுத்தில் கேட்கிறவர். "ரயிலுக்கு எங்கேய்யா போறது? உன் மாமனார் பையில போட்டுண்டு வந்திருக்காரா?"

"தண்ணி டாங்கி மேட்டுல இருக்கே சார்."

உண்மைதான். காலனி கட்டின காலத்தில் கல் ஏற்றுவதற்காக அந்தப் பாறை மேட்டின்மேல் ஒரு குட்டித் தண்டவாளம் போட்டிருந்தார்கள். இரண்டடி அகலம். முடிந்ததும் யாரும் கழற்றவில்லை. மூன்று இரும்புத் தொட்டி வண்டிகளும் புதருக்குள் கிடந்தன. மேடு நாற்பதடி உயரம் இருக்கும். புருஷோத்தமன் நானூறு என்றார். ஸ்ரீனிவாசன் மனசுக்குள் வகுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் டூட்டி முடிந்ததும் மேட்டில்தான் வேலை. வெல்டிங் பிரிவு மொத்தமும் வந்தது. தொட்டிகளை அறுத்து பெஞ்சு வைத்தார்கள், கைப்பிடி வைத்தார்கள், நீலச் சாயம் அடித்தார்கள். எஞ்சினுக்குத் தோட்டப் பிரிவின் டிராக்டர். அதன் சக்கரங்கள் தண்டவாளத்தின் இரு பக்கமும் கால் அகட்டி நிற்கும்; மூக்கில் ஒரு பழைய லாரி டயரைக் கட்டி, அதைக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். டிரைவர் யாதகிரி மூன்று நாள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டான்.

புருஷோத்தமன் மாமனாரை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினார். பழனிசாமி மூன்று பெட்டியையும் சுற்றி வந்தார். ஒரு சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எப்படி மாமா?"

"தள்ளுவண்டிங்க" என்றார் பழனிசாமி. "பஜ்ஜி விக்கலாம். மலையே இல்லாத ஊர்ல மலை ரயிலு ஓடாதுங்க மாப்ளே."

விழாவின் முதல் நாளான வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கும் ரோட்டுத் தாரில் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஒரு கிளார்க் செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார் என்பார்கள். புருஷோத்தமன் கணக்கில் பதினான்கு கிளார்க். மேட்டின் அடிவாரத்தில் காலனியே திரண்டிருந்தது. உச்சியில் ஃபயர் ஸ்டேஷன் வண்டி நின்றது. விசில் அடித்ததும் தீயணைப்பவர்கள் பொடித் தூறல் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் புகையாகக் கிளம்பி யூகலிப்டஸ் மரங்களுக்குள் படர்ந்து, சரிவு முழுக்க வெள்ளையாக இறங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது.

முதல் நடைக்கு முன்பெட்டியில் பச்சைக் கொடியோடு புருஷோத்தமனே நின்றார். கமலா கடைசிப் பெட்டியில். பழனிசாமி ஏறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நடந்தே வந்தார்.

வண்டி நகர்ந்தது. புருஷோத்தமன் வாய் சும்மா இருக்குமா? ஜனங்களைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டு, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், வலது பக்கம் நாலாயிரம் அடிப் பள்ளம், யாரும் எட்டிப் பாக்காதீங்க!" என்று ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் வண்டி மேகத்துக்குள் நுழைந்தது. மேகத்துக்குள், குளிர்ச்சி கண்ட இடத்தில் சுகமாக, தண்டவாளத்தின் குறுக்கே ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது.

"ரெட்டு! ரெட்டுங்க! நிறுத்து!"

பழனிசாமியின் குரல். நீலகிரிப் பாதையின் இருநூற்றெட்டு வளைவுகளில் எதிரொலித்துப் பழகிய குரல் அது. யாதகிரிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. ஸ்ரீனிவாசன் மூக்குக்கண்ணாடி பக்கத்து அம்மாளின் மடியில் விழுந்தது. எருமைக்கும் புருஷோத்தமனுக்கும் நடுவே ஒரு முழம். அது அவர் கழுத்தில் மூச்சு விட்டது.

ஜனம் சிரித்தது. புருஷோத்தமன் சிரிக்கவில்லை. கடைசிப் பெட்டியில் கமலா இருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

பழனிசாமி முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. கோபம் வந்தாலும் அவருக்கு மரியாதை போகாது.

"முன்னாடி நிக்கறவன் பின்னாடி பாக்கலாமுங்களா மாப்ளே?"

"தப்பு மாமா."

"எறங்குங்க."

இறங்கினார். கொடியும் கை மாறியது.

அதற்கப்புறம் நடந்ததைக் காலனி பல வருஷம் பேசியது. பழனிசாமி வண்டியை அடிவாரத்துக்கு இறக்கி, அரை மணி நேரம் யாரையும் ஏற விடவில்லை. குனிந்து ஒவ்வொரு சக்கரமும் பார்த்தார். பெட்டிக்கு ஒரு பிரேக் கட்டை, கட்டைக்கு ஒரு ஆள் என்றார். இரண்டாம் பெட்டிக்கு வெள்ளைப் பேண்ட் போட்ட ஸ்ரீனிவாசனைப் பிடித்து நிறுத்தினார்.

"நானா? நான் செக்ரட்டரிங்காணும்!"

"இப்ப ரெண்டாவது பிரேக்குங்க. என் கொடி செவப்புன்னா உங்க கொடி செவப்பு. ஏன்னு கேக்கக் கூடாதுங்க."

முப்பது வருஷம் ஏன் என்று எழுத்தில் கேட்டே பழகிய ஸ்ரீனிவாசன் வாயைத் திறக்காமல் கட்டையைப் பிடித்தார். மூன்றாம் பெட்டிக்கு மாப்பிள்ளை. "நீங்க பேசக் கூடாதுங்க" என்பது அவருக்கு மட்டும் தனி உத்தரவு. எருமை மேய்க்க ஒருவர், தண்டவாளம் பெருக்க ஒருவர்.

மறுபடி வண்டி புறப்பட்டபோது கமலா முதல் பெட்டிக்கு மாறி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நடை வேகத்தில் ஏறியது. பச்சை, பச்சை, பச்சை என்று மூன்று கொடிகள் பின்னோக்கிப் போயின. மேகம் வந்தது. நனைந்த யூகலிப்டஸ் இலையிலிருந்து தைல வாசனை குப்பென்று கிளம்பியது. முகத்தில் ஊசி ஊசியாக நீர்ப்பொடி. ஒரு குழந்தை நிஜமாகவே நடுங்கி அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது.

பழனிசாமி முன்னால் பார்த்தபடியே, யாருக்கும் இல்லாமல், பழைய ஸ்டேஷன் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். "ஹில்குரோவ்." கொஞ்சம் பொறுத்து, "ரன்னிமேடு." டாங்கியின் தூண் மங்கலாகத் தெரிந்ததும், "காட்டேரி."

வண்டி நின்றது. கமலா எட்டி அப்பாவின் சட்டைத் தோளைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

"அடுத்தது என்னங்கப்பா?"

"குன்னூரு கண்ணு" என்றார். திரும்பவில்லை. முகத்தில் இருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். எல்லோருமே துடைத்துக்கொண்டிருந்ததால் அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அன்று பதினோரு நடை ஓடியது. வீட்டுக்கு வந்ததும் புருஷோத்தமன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்ப சொல்லுங்க மாமா. ரயிலா, இல்லையா?"

"தள்ளுவண்டிங்க" என்றார் பழனிசாமி. படுத்துத் தூங்கிவிட்டார். பெட்டி கட்டி, கட்டிலடியில் தயாராக இருந்தது. கமலா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷோத்தமனுக்கு அன்றைக்குச் சொல்ல ஒரு பொய்கூட வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு துரைராஜ் வந்து சேர்ந்தார். கறுத்த, குட்டையான மனிதர்; சட்டைப் பையில் இரண்டு டிக்கெட்.

"ஏப்பா பழனி, கெளம்பலாமா? சாயங்கால வண்டி. என்ன வெயிலப்பா இந்த ஊரு! இங்க மனுசன் இருப்பானா?"

காபி வந்தது. துரைராஜ் மரியாதைக்கு, "என்னங்க மாப்ளே, விழாவெல்லாம் நடந்துச்சாமே?" என்று கேட்டுவைத்தார். கேட்டிருக்கக் கூடாது. புருஷோத்தமன், போகப்போகிறவரைப் பார்க்காமல் இருப்பதற்காகவே, தொடங்கிவிட்டார். மலை ரயில், மேகம், ஆயிரத்து இருநூறு பேர், ஏழு எருமை. துரைராஜ் சிரித்துச் சிரித்து காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"இருங்க, இருங்க. முப்பது வருசம் அந்த எஞ்சினை ஓட்டுனவன் நானு. எனக்கே ரயிலு வுடறீங்களே! பழனி, நீ இல்லாததைச் சொல்ல மாட்டே. நீ சொல்லு. இதுல ஒண்ணாச்சும் நெசமா?"

பழனிசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எருமை ஏழு இல்லை. ஒண்ணு."

புருஷோத்தமன் தலை குனிந்தார்.

"ஆயிரத்து இருநூறு இல்லை. நடைக்குப் பதினெட்டுப் பேரு, பதினோரு நடை. மேகமும் இல்லை. ஃபயர் சர்வீஸ் தண்ணி."

"அதானே பாத்தேன்!" என்று துரைராஜ் தொடையைத் தட்டினார். "நேரமாச்சு, பொட்டியை எடு."

பழனிசாமி எழுந்தார். கட்டிலடியில் குனிந்தார். பெட்டியைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையை மட்டும் எடுத்து உதறினார். ரிட்டயர் ஆன நாளில் கழற்றியது. அதைப் போட்டு நிதானமாகப் பொத்தான் மாட்டினார். கமலா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"என் டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துரு துரை. ரெண்டாவது பொட்டிக்குக் கட்டை தேஞ்சுபோச்சு, புதுசு செதுக்கோணும். அஞ்சரைக்கு வண்டி."

"எந்த வண்டி?" என்றார் துரைராஜ். "ரயிலே இல்லைன்னியே!"

"மேகம்தான் இல்லைன்னேன்." பழனிசாமி மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "ரயிலு ஓடுச்சு துரை. நெசமாவே மலை ரயிலு ஓடுச்சு. மொதப் பொட்டியில நான் நின்னேன்."