கிரகரி மேடேறும் நேரம்

கிரகரியின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த வாரத்திலிருந்து, கோலா தெர்லா மலைப்பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் கத்தரிகளெல்லாம் அவருடைய இதயத்தோடு சேர்ந்தே இயங்கின. மேலறை சுருங்கும்போது கத்தரி திறக்கும், கீழறை சுருங்கும்போது மூடும். கங்காணி முனியாண்டி இரண்டு நாள் முணுமுணுத்தார். கொழுந்து எடை குறையவில்லை என்றதும் விட்டுவிட்டார்.

கிரகரி உட்கார்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. வீட்டுக்கு மேடேறினால் கத்தரிகள் திறந்தபடியே நின்றுவிடும். பாதி வழியில் அவரும் உதடு நீலம் பாரிக்க நிற்பார். அவர் மனைவி கத்தரீனும் கொழுந்து வெட்டுகிறவள்தான். கையிலிருக்கும் கத்தரி மூட மறுக்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் போய்விட்டார் என்றே மேட்டுப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியிலோ எல்லாம் சரி என்றார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? டாக்டரைப் பார்ப்பதென்றால் தோட்டத்துச் சனத்துக்குப் பூசைக்குப் போவது மாதிரி. தேய்த்த சட்டை போட்டு, கார் பிடித்து, டாக்டர் முன்னால் மூச்சு வாங்குவது மரியாதையில்லை என்று முன்னதாகவே போய் அசையாமல் உட்கார்ந்துவிடுவார் கிரகரி. அவர்களும் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குத் தோதாக இரண்டு அறைகளின் சுருக்கத்துக்கும் நடுவே நேர இடைவெளி வைத்து அனுப்பினார்கள்.

அடுத்த முறை கத்தரீன் கூடவே போனாள். “உங்க முன்னாடி ராஜா மாதிரி குந்தியிருப்பாரு மிஸ்ஸி. ஏத்தத்துல வந்து பாருங்க லா, செத்துப் பொழைக்கிறாரு” என்று பேஸ்மேக்கரைச் சரிசெய்யும் அமாலினாவிடம் அழுதாள். அமாலினா, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சரிசெய்யும் கருவியோடு தோட்டத்துக்கே வந்தாள். கிரகரி ஏற, அவளும் பக்கத்திலேயே ஏறினாள். பாதி மேட்டில் கத்தரிகள் வாய் பிளந்து நின்றன. அமாலினா இடைவெளியைக் குறைத்தாள். அதிகமாகக் குறைந்துவிட்டது, கத்தரிகள் திறக்குமுன்னே மூடிக்கொள்ள, கிரகரி முழங்காலில் விழுந்தார்.

“போதும் அங்கிள், எறங்கிடலாம்.”

“எறங்குனா மிஷின் மறுபடி நல்லாருக்குன்னுதான் சொல்லும். நான்தான் அதை ஏமாத்திட்டேன். நீ பாரும்மா, நான் நடக்கறேன்.”

அமாலினா மறுபடி கருவியை எடுத்தாள். இடைவெளியை ஒரு மயிரிழை கூட்டினாள். மலை முழுக்கச் சரக்கென்று கத்தரிகள் மூடின, திறந்தன, மறுபடி மூடின. கிரகரி எழுந்தார். நிற்காமல் உச்சி வரை போனார். கத்தரீன் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே விக்கி விக்கி அழுதாள், கை அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் சாயங்காலம் கத்தரிகள் திடீரென்று வேகமெடுக்கும். பெண்கள் பேச்சை நிறுத்துவதில்லை. கத்தரீனும் மேட்டுப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.