இரண்டு தேடல் பெட்டிகள்

அக்கா மடிக்கணினியை மேசைமேல் தம்பி பக்கம் தள்ளினாள். "உன் லட்சணத்த நீயே பாரு."

அக்கா நிரல் எழுதும் எடிட்டர் அவன் அலுவலகத்தில் உருவானது. எல்லாக் கோப்புகளிலும் ஒரு சொல்லைத் தேடி மாற்றும் பெட்டி அவன் கட்டியது. ஒரு கோப்புக்குள் மட்டும் தேடி மாற்றும் பெட்டி அதே அலுவலகத்தில் வேறொருத்தி கட்டியது. அவளுடையதில் என்டர் தட்டினால் ஒரு சொல் மாறி, அடுத்ததில் போய் நிற்கும். இவனுடையதிலோ எல்லாக் கோப்புகளும் ஒரே மூச்சில் மாறிச் சேமிக்கப்பட்டும்விடும். அக்கா பழக்கதோஷத்தில் இதிலும் என்டர் தட்டிவிட்டாள். காலையிலிருந்து எழுதியதெல்லாம் கந்தலாகிக் கிடந்தது.

"ரெண்டும் ஒரே ஜாடைடா. ஒண்ணு கூப்பிட்டா திரும்பிப் பாக்குது, இன்னொண்ணு கடிக்குது."

மற்றப் பெட்டியைக் கட்டியவளுக்கு அலுவலகத்தில் கடப்பாரை என்று பெயர். லேசில் வளைய மாட்டாள். மறுநாள் அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னான்.

அவள் இரண்டு பெட்டிகளையும் அருகருகே திறந்துவைத்து, ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தாள். எஸ்கேப் அடித்தால் அவளுடையது மூடிக்கொண்டது. இவனுடையது அசையாமல் உட்கார்ந்திருந்தது. முழுச்சொல்லை மட்டும் தேடும் பொத்தான் அங்கே கடைசியில் இருந்தது, இங்கே முதலில்.

"என்டர், எஸ்கேப் ரெண்டும் உன்னோடது தப்பு. பொத்தான் வரிசை என்னோடது தப்பு."

"உங்களோடதா? அதைத்தானே எல்லாரும் மெச்சுறாங்க!"

"மெச்சட்டும். அடிக்கடி அமுக்கறத நீ முன்னாடி வெச்சிருக்க, அதான் கைக்கு வருது. ரெண்டையும் தூக்கிட்டு ஒரே பெட்டியா எழுதுவோம். ரெண்டு இடத்துலயும் அதுதான். நாளைக்கு யாரு எத மாத்தினாலும் சேர்ந்தே மாறும்."

சொன்ன கையோடு, வருஷக்கணக்கில் இழைத்து இழைத்து எழுதிய தன் நிரலை அழிக்கத் தொடங்கினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இவளையா பிடிவாதக்காரி என்று நினைத்தோம் என்றிருந்தது அவனுக்கு.

புதிய பதிப்பு வந்த அன்று, வீட்டில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் அம்மாவோடு போனில் பேசியபடியே தேடினாள், மாற்றினாள், எஸ்கேப் அடித்தாள். விசைகளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னடா, பின்னாடியே நிக்கிற?"

"புதுசா ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே. ஏன், எதையாவது மாத்துனீங்களா?"

மறுநாள் அதை அப்படியே கடப்பாரையிடம் ஒப்பித்தான். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான்.