எடுக்க வேண்டாம்

எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால் ஓர் ஆப்பிள், ஒரு மண்குடம், பின்னால் ஒரு துணி. புருல்சா டீச்சர் பல வருடமாக அதைத்தான் வரையச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வசந்தத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து சாய்கல் வந்தாள். இன்றைய கலையை வகுப்பறைக்குள் கொண்டுவர ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பது அவள் வேலை. ஒட்ட வெட்டிய முடி, ஆண்கள் போடும் பூட்ஸ்.

“ஆப்பிளை விடுங்கக்கா. இந்தப் பிள்ளைங்க எதை நினைச்சுக்கிட்டுத் தூங்குது? அதைக் கொண்டுவந்து நடுவுல வைங்க. கைத்திறமை இல்லாட்டிப் பரவாயில்ல. யோசனைதான் படைப்பு.”

“அதாவது, வரையத் தெரியாதவங்களுக்கும் இனிமே சம்பளம் உண்டு” என்றார் தலைமையாசிரியர் ஜபார்.

“தெரிஞ்சவங்களுக்கே நீங்க ஒழுங்காக் குடுக்கறதில்லையாமே, ஐயா?”

புருல்சா சிரித்துவிட்டாள். அன்றே பிள்ளைகளிடம் கேட்டும் பார்த்தாள். பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ ரஷ்யாவில். தூங்கும் முன் பார்ப்பது போனைத்தான் என்றார்கள். யோசனை அங்கிருந்து வளர்ந்தது. கூடத்தில் ஆளுக்கொரு காலி நாற்காலி. அதன் மேல் போன். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்க வேண்டும், ஒலிபெருக்கியில். ரஷ்யாவில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவைத்துவிடுவது: எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் மணியோசை மட்டும் கூடத்தை நிரப்பும். பிறகு அவர்கள் திருப்பி அழைப்பார்கள்.

படைப்புக்கு ‘எடுக்க வேண்டாம்’ என்றே பெயர் வைத்தது ஏழாம் வகுப்பு குந்துஸ். “போனை எடுக்கலைன்னா கோபம் வரும்லக்கா. எடுக்காதேன்னு நாமளே சொல்லிட்டா வராது.” அவளுக்குத் தாய் இல்லை. அப்பா தொலோகனுக்கு ரஷ்யாவின் சுர்குத் நகரில் கட்டட வேலை. அவள் வளர்வது பெரியப்பா சகின் வீட்டில்.

நிகழ்ச்சி நாள் காலையில் சகின் பள்ளி வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, தம்பி தொலோகன் போயிட்டான். நேத்து சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். முற்றத்துல துக்கக் கூடாரம் போடணும், மேல் ஊர்ப் பெரியவங்க வந்து சேரணும். சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் பிள்ளைய வீட்டுப் பக்கம் விடாத. அவ காதுல விழவும் விட்டுராத.”

புருல்சா சாய்கலைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

“நிறுத்திடலாம்க்கா.”

“நிறுத்தினா ஏன்னு கேப்பா. அவளை மட்டும் விட்டுட்டு நடத்தினா, கேக்கவே வேணாம், புரிஞ்சிடும்.”

“அப்போ சொல்லிடுங்க. செத்தது அவளோட அப்பா.”

“நீயும் கிர்கிஸ்காரிதானே? சாவை ஒத்தை ஆளா யாராவது சொல்வாங்களா? சொந்தமெல்லாம் சுத்தி நின்னு, பெரியவர் வாயால சொல்லணும். தனியாக் கேட்டா நெஞ்சு உடைஞ்சிரும்.”

“எங்க மாமா செத்தப்ப எங்கம்மாவுக்கு அப்படித்தான் சொன்னாங்க. அப்பவும் உடைஞ்சுதுக்கா.”

ஆனாலும் சாய்கல் விட்டுக்கொடுத்தாள். புருல்சாவின் பயம் வேறு: குந்துஸ் அழைக்கும்போது தொலோகனின் போன் அணைந்திருந்தால்? யாராவது எடுத்துச் செய்தியைச் சொல்லிவிட்டால்? அவள் ஆசிரியர் அறையைத் தாழிட்டுக்கொண்டு அந்த எண்ணை அழைத்தாள். உடன் வேலை செய்யும் மெலிஸ் எடுத்தான்.

“மதியம் அவன் மக கூப்பிடுவா. எடுக்காத. அணைச்சும் வைக்காத. அடிக்கட்டும்.”

“அது அடிக்கிறதை நான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணுமாக்கா?”

“ஆமா.”

மதியம் ஊரே வந்தது. நாற்காலிகளின் மேல் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. செய்தி அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் குந்துஸின் நாற்காலியைத்தான் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் தலைத்துணியின் முனையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஜபார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குந்துஸ் மட்டும் பெருமையாக நிமிர்ந்து நின்றாள். அவள் அப்பா சொன்னபடி கேட்கிறார், எடுக்கவில்லை.

மணிகள் ஓய்ந்தன. பிறகு திரும்பி வரும் அழைப்புகள். “டேய், சாப்பிட்டியா?”, “அம்மா, இங்க எல்லாரும் பாக்கறாங்கம்மா!” கூடம் சிரித்தது, கைதட்டியது. குந்துஸ் தன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூடம் காலியாகத் தொடங்கியபோது புருல்சாவிடம் வந்தாள்.

“அப்பா திருப்பிக் கூப்பிடலைக்கா. நேத்து ராத்திரியும் பேசல.”

“காலையில நானே பேசினேன்டி. இன்னிக்கு ரொம்ப வேலையாம். உடனே கூப்பிட முடியாதுன்னு சொன்னார்.”

“நீங்க பேசினீங்களா? நல்லா இருந்தாரா?”

“நல்லாத்தான் இருந்தார்.”

சாய்கல் குனிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நாற்காலிகளை அடுக்கும் சாக்கில் சாயங்காலம்வரை குந்துஸைப் பிடித்துவைத்தார்கள். குந்துஸ் பாடிக்கொண்டே வேலை செய்தாள். “அடுத்த தடவை மூணு நிமிஷம் அடிக்க விடலாம்க்கா” என்றாள். சகின் ஆள் அனுப்பியதும் புருல்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியிருந்தது. வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். குந்துஸின் நடை தளர்ந்தது, ஆனாலும் கையை விடவில்லை. உள்ளே பெண்கள் இடம் விட்டார்கள். மேல் ஊர்ப் பெரியவர் அவள் முன் வந்து நின்றார்.

“மகளே, உச்சியில பறக்கிற கழுகும் ஒரு நாள் தரைக்கு வரும். ஓடுற ஆறும் ஒரு நாள் வத்தும். மனசைக் கெட்டியாப் பிடிச்சுக்க. உங்கப்பன் தொலோகன் நம்மளை விட்டுப் போயிட்டான்.”

பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அணைத்துக்கொள்ளப் பெரியம்மா முன்னே வந்தாள். குந்துஸ் அழவில்லை. அவள் முகத்தில் நிம்மதிகூட இருந்தது.

“இல்ல தாத்தா. உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. எங்க டீச்சரக்கா இன்னிக்குக் காலையில அப்பாகூடப் பேசினாங்க. வேலை ஜாஸ்தியாம், அவ்வளவுதான். சொல்லுங்கக்கா.”

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அறுந்தது. வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பினார்கள். பெரியவர் புருல்சாவைப் பார்த்தார். சகினும் பார்த்தார்.

“சொல்லுங்கக்கா” என்று குந்துஸ் அவள் கையை உலுக்கினாள். “சீக்கிரம் சொல்லுங்க, எல்லாரும் அழுறாங்க.”

“நான் பேசினது அப்பாகிட்ட இல்லம்மா. மெலிஸ்கிட்ட.”

“போன் அடிச்சுதே.”

“அடிச்சுது. எடுக்காதேன்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன்.”

குந்துஸ் கையை உருவிக்கொண்டாள். கூடாரத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அநேகமாக எல்லோரும் மதியம் கூடத்தில் இருந்தவர்கள்.

“கைதட்டினீங்களே, உங்க எல்லாருக்கும் தெரியுமா?”

ஒரு கிழவி விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை மறுபடி எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குந்துஸ் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடார வாசலில் நின்றாள். பெரியம்மா தோளைத் தொட்டபோது உதறினாள். கேட்டதற்குப் பதில் வரும்வரை அவள் அழப்போவதில்லை என்று புருல்சாவுக்குப் புரிந்தது.