தொட்டிக் கண்ணாடியில் பொட்டு

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, ஈரத்துண்டை முடிந்துகொண்ட கையோடு தில்லையம்மாள் கூடத்து மீன் தொட்டிக்கு முன் குந்தினாள். அப்போதுதான் நெற்றியில் வைத்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினாள். உள்ளே இடது மூலைக் கல்லுக்கடியில் வாலைச் செருகிக்கொண்டு, முன்பாதியை மணல்மேல் நீட்டி, நீளக் கத்திரிக்காய் போல ஒரு ஜீவன் படுத்திருந்தது. அது நன்றாக நீட்டிப் படுக்கும் நேரம் பார்த்து, தலை எட்டும் இடத்துக்கு நேராக வாரம் ஒரு பொட்டு ஒட்டுவது அவள் வழக்கம். போன வாரத்துப் பொட்டு இன்றைய பொட்டுக்கு வலப்பக்கம் இருந்தது. அதற்கு முந்தின வாரத்துப் பொட்டு இன்னும் வலப்பக்கம். வளர்கிற உயிருக்கு இது தலைகீழ்க் கணக்கு அல்லவா?

"பொட்ட எடுத்து எடுத்துக் கண்ணாடிக்கு வச்சிட்டு வெறும் நெத்தியோட நிக்கிற. நான் இன்னும் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துதானடி இருக்கேன்" என்றார் கதிர்வேல், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கத்திரி எளைச்சிப் போச்சிங்க" என்றாள் அவள்.

திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் கதிர்வேல். மகள் ரேகா கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு கூடத்தில் அவளுடைய தையல் மிஷின் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் இந்த நாலடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல தண்ணீர் மீன் எல்லாரும் வளர்க்கிறார்களாம், இவர் கடலையே வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறாராம். பம்பு, அலை உண்டாக்கும் மோட்டார் எல்லாம் தன் கையாலேயே செய்தார். தேவனாம்பட்டினத்திலிருந்து மணலும், டி.வி.எஸ். எக்ஸெல்லில் கேன் கேனாகக் கடல் தண்ணீரும் வந்தன. பவளம் வளர்ப்பது குற்றம் என்று மீன் கடைக்காரர் சொன்னதால் அதன் பக்கமே போகவில்லை. வெறும் பாறைகளை அடுக்கிப் பாசி படர விட்டார். அவ்வளவு சூதானமான மனுஷன். துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஆரோக்கியராஜ், வலையில் சிக்கியதென்று ஓட்டை ஓட்டையாக ஒரு கல் கொடுத்தார். கட்டைவிரல் அளவு கத்திரி அந்த ஓட்டையொன்றில் ஒளிந்து வந்து சேர்ந்தது. கதிர்வேல் செல்போனில் தேடிப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் இதே ஜீவனைத் தொட்டியில் வைத்து வீடியோ வீடியோவாகப் போட்டிருந்தார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மீன்கள் அவருடையவை என்றால் கத்திரி தில்லையம்மாளுடையது. எல்லாம் அதன் வேலை செய்கிற அழகைப் பார்த்து வந்த பிரியம். வாயைச் சுற்றியுள்ள குட்டிக் குட்டிக் கைகளால் மணலை அள்ளி விழுங்கும். அதிலுள்ள அழுக்கைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலைப் பாசிமணி கோத்தாற்போல் பின்னால் விட்டுக்கொண்டே போகும். சிதம்பரத்தில் பிறந்த வீட்டிலேயே 'விளக்குமாத்து ராணி' என்று பேர் வாங்கியவள் அவள். ஒரு நாளைக்கு மூன்று முறை கூடம் பெருக்குகிறவளுக்கு, பேசாமல் கொள்ளாமல் நாள் முழுக்கத் தரையைச் சுத்தம் செய்கிற இன்னொரு ஜீவன் கிடைத்தால் விடுவாளா? "இந்த வீட்ல வேலை பாக்குறது நாங்க ரெண்டு பேருதான்" என்று கதிர்வேலின் காதுபடவே சொல்வாள். அலை மோட்டாரில் அது சிக்கிக்கொள்ளாமல் இருக்க, பழைய கொசுவலையை வெட்டி மோட்டாருக்குச் சட்டை தைத்துப் போட்டதும் அவள்தான்.

அப்பேர்ப்பட்ட கத்திரி இளைத்துக்கொண்டே போனது. தண்ணீரின் உப்பை அளந்தார் கதிர்வேல், சரியாக இருந்தது. மீன்கள் திமுதிமுவென்று திரிந்தன. தில்லையம்மாள் தன் பங்குக்கு, அழுக்கில் ஏதோ நோய் இருக்கிறது என்று முடிவுகட்டி, வாரம் ஒரு முறை குழாய் வைத்து மணலை உறிஞ்சிக் கழுவியதை இரண்டு முறையாக்கினாள். மணல் சர்க்கரை மாதிரி வெளுத்தது. பொட்டு இன்னும் இடப்பக்கம் நகர்ந்தது.

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, வந்ததே நல்லதாகப் போயிற்று. பதினெட்டு நாள் படுக்கை. கதிர்வேல் கஞ்சி வைத்தார், மீனுக்குத் தீனி போட்டார், விளக்குமாற்றைத் தொடவில்லை. தொட்டி மணலை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்தவள் கூடத்தைப் பார்த்து முதலில் அவரைத் திட்டினாள். தொட்டி மணலெல்லாம் பழுப்பேறி, மீன் எச்சமும் மிச்சத் தீனியுமாகப் படிந்து கிடந்தது. அந்தக் கண்றாவிக்கு நடுவில் கத்திரி கொழுகொழுவென்று, கடைசிப் பொட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டு படுத்திருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, அதோட சோத்தத்தானங்க நான் வாரத்துக்கு ரெண்டு தரம் வாரி வெளியில ஊத்தியிருக்கேன்" என்றாள். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு முன்னால் இலையை எடுத்துவிட்டு, எவ்வளவு சுத்தம் பார் என்று பெருமை பேசினாளே, பாவி!

அன்றிலிருந்து மணலைத் தொடவில்லை. உலகத்தில் அவள் அழுக்காக விட்டுவைத்த ஒரே இடம் அந்த நாலடி. போதாததற்கு, கதிர்வேல் உடம்புக்கு நல்லதென்று வாங்கித் தின்கிற சுருள்பாசி மாத்திரையில் ஒன்றை இரண்டு நாளைக்கு ஒரு முறை பிரித்து, பச்சைத் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மணல்மேல் விடுவாள். ஒரு தரம் ஆசை மிகுந்து இரண்டு மாத்திரையைக் கொட்டியதில் தண்ணீர் கலங்கி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "அளவோட போடுடி. ஜாஸ்தியானா அத்தனையும் போயிடும்" என்று கதிர்வேல் பாதித் தண்ணீரை மாற்றினார். அதிலிருந்து அளவோடுதான். பொட்டுகள் வலப்பக்கம் நகர ஆரம்பித்தன. அவர் மதியம் சாப்பிட வரும்போது அவள் நெற்றி வெறுமையாக இருந்தால், "ஓகோ, இன்னைக்கும் வளந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

ஆடி மாசத்தில் ஒரு பயம் வந்தது. கத்திரியின் உடம்பு நட்டநடுவில் ஒடுங்கி, கயிறு போட்டு இறுக்கிய மாதிரி இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை அது வலது மூலைக் கல்லுக்கு இடம் மாறியிருந்தது, நீளமும் பாதிதான். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுபடி என்ன தப்பு செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கத்திரி தின்றது. பழைய பொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வலது மூலையிலிருந்து புதிதாகப் பொட்டு வரிசை தொடங்கினாள். கார்த்திகை பிறப்பதற்குள் இழந்ததையெல்லாம் வட்டியோடு வாங்கிக்கொண்டது, முக்கால் சாண் நீளம்!

அந்த நேரத்தில்தான் தம்பி அன்புமணி மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க வந்தான். பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவன். தாம்பாளத்தை நீட்டியவன் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அக்கா, இது எங்கருந்து வந்துச்சி?"

"ஏன்டா? கத்திரிடா அது. நான் வளக்குறேன்."

"கத்திரியாவது முருங்கையாவது. கடல் அட்டைக்கா இது! எங்க தொறையில படத்தோட போர்டு வச்சிருக்காங்க. புலிய வீட்ல கட்டி வச்சிருந்தா என்னா கேசோ, அதே கேசுதான் இதுக்கும். மாமா, உங்களுக்குக் கூடவா தெரியாது?"

கதிர்வேல் எழுந்து வந்து தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார். கடல் அட்டை பிடிபட்ட செய்தியை அவரும்தான் டிவியில் பார்த்திருக்கிறார். ஆனால் அங்கே காட்டியது மூட்டை மூட்டையாய்க் காய்ந்து கறுத்த துண்டுகளை. அதற்கு உயிர் இருந்தால் இப்படி இருக்கும் என்று யார் கண்டது?

"நான் என்னா கடத்துறனா? சோறு போட்டு வளக்குறன்டா" என்றாள் தில்லையம்மாள்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கேசு போடுறவருக்குத் தெரியுமா?"

தனக்குப் பழக்கமான வனக் காவலர் ஒருவருக்கு அங்கிருந்தே போன் போட்டான். தெரியாமல் வந்ததென்றால் சேதமில்லாமல் கடலில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள் என்றார் அவர். தில்லையம்மாள் அடுப்படிக்குப் போய்த் தம்பிக்குக் காப்பி கலந்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவனும் அதை அப்படியே குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை. மூடி போட்ட வாளியில் தொட்டித் தண்ணீரும் கத்திரியும். கதிர்வேலின் சட்டைப் பையில் பேட்டரிக் காற்று பம்பு. அதிலிருந்து வாளிக்குள் ஒரு குழாய். சிதம்பரம் பஸ்ஸில் இரண்டு கால்களுக்கும் நடுவில் வாளியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆலப்பாக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஏறி நேர் முன் சீட்டில் உட்கார்ந்தார். அவள் முந்தானையை இழுத்து வாளி மூடிமேல் போட்டாள்.

"என்னாம்மா, வாளிக்குள்ள கொதிக்கிற மாரி சத்தம் வருது?" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.

"சாம்பாரு" என்றாள் தில்லையம்மாள்.

"சாம்பாருக்கு எதுக்கும்மா டியூபு?"

கதிர்வேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. போலீஸ்காரர் புதுச்சத்திரத்தில் இறங்கும்வரை அவள் மூச்சு விட்டாளோ இல்லையோ, அவளுக்கே தெரியாது.

பிச்சாவரத்தில் அன்புமணி படகைச் சதுப்புக் காட்டின் கால்வாய்களைத் தாண்டி, கடல் வாய் திறக்கிற இடம்வரை கொண்டுபோனான். முழங்கால் தண்ணீர். கலங்கல் இல்லை, ஆனால் அடியில் பழுப்புச் சேறும் மணலும், அழுகிய இலையும் பாசியும் கண்ணுக்கெட்டிய தூரம் படிந்து கிடந்தன. வேறு நாளாக இருந்தால் காலை வைத்திருக்கமாட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கத்திரியை இரண்டு கையிலும் ஏந்தி, தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் ஒரு கல்லோரம் வைத்தாள். அது கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தது. பிறகு நீண்டது, குட்டிக் கைகளை விரித்தது, சேற்றை அள்ளி வாயில் வைத்தது.

"தின்னுது பாருங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "இங்க யாரு வந்து பெருக்கப் போறா? நல்லா தின்னட்டும்." கதிர்வேல் அவள் தோளைப் பிடித்துப் படகில் ஏற்றினார். சந்தோஷமும் துக்கமும் சரிபாதியாக ஊர் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, பரணிலிருந்து மணல் உறிஞ்சும் குழாயை எடுத்தாள். இனி யாருக்காக அழுக்கு? பல மாசத்துக் குப்பை. முதலில் இடது மூலை. ஆடி மாசத்துக்குப் பிறகு யாரும் குடியிருக்காத கல். குழாயை இறக்கியவள் அதை அப்படியே கட்டைவிரலால் அடைத்தாள்.

கல்லோரம், பாசிமணி கோத்தாற்போல் மணல் வரிசை. பழையதாக இருக்குமோ என்று நினைத்தாள். பழையது ஒரே நாளில் உதிர்ந்துவிடும், அது அவளுக்குத் தெரியாதா? கல்லுக்கடியில் கரும்பழுப்பாய் ஒரு நுனி தெரிந்தது. சுண்டுவிரல் நீளம் வெளியே வந்து, பூப்போல வாயை விரித்து மணலைத் தட்டிப் பார்த்தது. நட்டநடுவில் கயிறு போட்டு இறுக்கிய மாதிரி இருந்த அந்த இரண்டு நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. பாதி வலது மூலைக்குப் போயிற்று. மீதிப் பாதியை அவள் தேடவே இல்லை! இத்தனை நாளாய்க் கல்லுக்கடியில் கிடந்து, தனக்கு ஒரு வாயைத் தானே முளைக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அவள் குழாயைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்தாள். அன்புமணிக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லலாம், முதலில் நாலு வாய் தின்னட்டும்.

கதிர்வேல் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். "என்னா தில்லை, தண்ணி உறிஞ்சுற சத்தமே காணோம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்த கதிர்வேல், கையில் காப்பி தளும்ப, மெதுவாகத் தொட்டியின் பக்கம் குனிந்தார். வலப்பக்கம் பழைய வரிசை முழுதும் வெளிறிக் கிடந்தது. இடது மூலையில், கல்லிலிருந்து ஒரு விரல் தள்ளி, இன்னும் ஈரம் காயாமல், சிவப்பாக ஒரே ஒரு பொட்டு.