ஹெப்சிபா வெட்டிய வாஷர்கள்

புதுத் தகர ஷீட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஜெயப்பிரகாஷ் போல்ட் முடுக்குவதை, கீழே விழுந்து கிடந்த தென்னை மரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே அவன் மனைவி ஹெப்சிபா பார்த்துக்கொண்டிருந்தாள். போல்ட்டில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷரை நுழைப்பான், விரலால் அமுக்கிப் பார்ப்பான், பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையைக்கூட அவன் அத்தனை பதனமாகப் பிடித்ததில்லை. அந்த வாஷர்களை வெட்டியவள் அவள்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவன் மெக்கானிக். அதே கம்பெனியில் அவள் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறாள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு பை நிறைய வேஸ்ட் சோல் ரப்பரையும் வட்டமாக வெட்டும் ஒரு பஞ்ச் உளியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "ஷீட்டுக்கு வாஷர் வெட்டணும். கடைல விக்கிறது ரெண்டு மழைக்கே வெடிச்சிடுது" என்றான். அவர்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போல்ட் இருக்கும் இடமெல்லாம் ஒழுகும். மழை வந்தால் அவன் கட்டிலை நகர்த்துவான், அவள் குண்டான் வைப்பாள். ஒருவழியாக இவருக்குப் புத்தி வந்ததே என்று பூரித்துப்போய், தினமும் வேலை விட்டு வந்து சமையலை முடித்து, மரக்கட்டையின் மேல் ரப்பரை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வெட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. எந்த வீட்டுக் கூரை என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பொங்கல் லீவில், புயலில் வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டித்தர வேதாரண்யம் பக்கம் போக சர்ச்சில் வேன் ஏற்பாடு செய்தார்கள். புறப்படும்போது அவன் அந்தப் பையை டூல்ஸ் பெட்டியோடு சேர்த்துக் கட்டினான்.

"இன்னாங்க, அது நம்ம வூட்டுக்கு இல்லியா?"

"நம்ம வூடு எங்கமே போயிடப்போவுது?"

சமையலுக்கு ஆள் வேண்டும் என்று பாஸ்டர் கேட்டபோது, அவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஊழியம் செய்ய இல்லை. தன் வாஷர் யார் கூரைக்குப் போகிறது என்று பார்க்கத்தான்.

அது தனகோடியின் கூரைக்குப் போனது. புயலன்று தனகோடியின் புருஷன் மாட்டை அவிழ்த்துவிடப் போய், தென்னை சாய்ந்து அங்கேயே செத்துப்போனான். குடிசை இருந்த இடத்தில் அடுப்பு மட்டும் மிஞ்சியது. இப்போது அதே இடத்தில் சுவர் எழும்பிவிட்டது. "அக்கா, ஜன்னலு எந்தப் பக்கம் வேணும்?" என்று ஜெயப்பிரகாஷ் கேட்டான். "அலமாரி இந்த ஒசரம் போதுமாக்கா?" என்று கேட்டான். இந்த மனுஷனுக்கு இப்படியெல்லாம் கேட்கத் தெரியும் என்பதே ஹெப்சிபாவுக்கு அங்கேதான் தெரிந்தது.

தனகோடி மேல் சந்தேகமா என்றால் அது இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது வீட்டின் மேல் வந்த பொறாமை. புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது பாவம் என்று தெரியும். தெரிந்தும், ஏப்பம் மாதிரி அடக்க அடக்க மேலே வந்தது.

அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பையில் மீதியிருந்த வாஷர்களை அள்ளி, இடுப்பில் செருகியிருந்த மணிபர்ஸில் போட்டுக்கொண்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தன் கூரைக்குப் போதாது என்று மட்டும் தெரியும்.

சாயந்திரம் அவன் பையைத் தலைகீழாக உதறினான்.

"ஹெப்சி, வாஷர் இன்னும் கொஞ்சம் இருந்துச்சே, பாத்தியா?"

"எனக்கு இன்னா தெரியும்? சமைக்கத்தானே வந்தேன்."

வேறு பைகளிலும் தேடினான். லாரி டியூபை வெட்டி மற்ற போல்ட்களைச் சமாளித்தான். ஒன்றுக்கு மட்டும் அதுவும் போதவில்லை. வாஷர் இல்லாமல் முடுக்கினால் ஷீட் கிழிந்துவிடும் என்று அந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினான்.

மறுநாள் உச்சிவேளையில் பாஸ்டர் ஜெபம் செய்து வீட்டைத் திறந்தார். பால் காய்ச்ச அடுப்பு மூட்டியாயிற்று. தனகோடி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"நீங்கதாங்கம்மா காய்ச்சணும், ஒங்க வீடு" என்றார் பாஸ்டர்.

"வேணாங்கய்யா. நான் தொட்டா நல்லாருக்காது" என்றவள் ஹெப்சிபாவைப் பார்த்தாள். "தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரரு கட்டுன வீடு. நீங்க காய்ச்சுங்க."

மாமியார் வாழ்ந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஹெப்சிபா. இதுவரை எந்த வீட்டிலும் அவளைப் பால் காய்ச்சச் சொன்னதில்லை. போய் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். பாலை ஊற்றினாள். பாத்திரத்துக்குள் காசு அளவில் ஒரு வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் அந்த ஓட்டை.

அவள் பார்த்ததை ஜெயப்பிரகாஷும் பார்த்தான். வாசலில் நின்ற தனகோடியிடம் சொன்னான்: "அந்த ஒண்ணு மட்டும் நின்னுபோச்சுக்கா. ஊருக்குப் போனதும் இவகிட்ட வெட்டி வாங்கி அனுப்பிடறேன். எல்லாம் இவ வெட்டுனதுதான். இவ கை சுத்தம் எனக்கு வராது."

இதை வீட்டில் ஒருநாள் சொல்லியிருக்கலாம். இன்னொருத்தி வாசலில் நின்று சொல்கிறான். ஹெப்சிபா விறகை அடுப்புக்குள் அழுத்தித் தள்ளினாள். அதில் பாதி ஆத்திரம்தான்.

தனகோடி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே வராமல், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் மெல்ல எழும்பியது. அதன் மேல் விழுந்த வெளிச்சமும் ஆடியபடியே கூட எழும்பி விளிம்புக்கு வந்தது. ஹெப்சிபாவின் கை இடுப்பிலிருந்த பர்ஸின் மேல் இருந்தது. உள்ளே ரப்பர் வில்லைகள் மெத்தென்று அமுங்கின.